நத்தாருக்கு இலைப் பாண்: ஓவன் வாங்குவதா, சட்டியில் சுடுவதா, போறணைக்குக் கொடுப்பதா?

"அக்கா, இந்த முறை நத்தாருக்கு வீட்டிலேயே இலைப் பாண் சுடப் போறன். ஒரு ஓவன் வாங்கட்டோ, இல்லாட்டிச் சட்டியிலை சமாளிக்கலாமோ?"

கார்த்திகை மழை பிடித்ததும் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். இந்த வருடம் யாழ்ப்பாணத்திலேயே ஒரே கிழமையில் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் குருநகரில் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பிள்ளை. இன்னொருவர் திருநெல்வேலியில் இருக்கும் ஆசிரியை, நத்தார் என்றால் ஒழுங்கை முழுக்கப் பலகாரம் அனுப்புகிறவர். மூன்றாமவர் இளவாலையில் தனியாக இருக்கும் ஒரு ஐயா, பத்து வருடத்துக்குப் பிறகு மகன் கனடாவில் இருந்து வருகிறான் என்று சந்தோசத்தில் இருக்கிறார். மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

இலைப் பாண் என்று எங்கள் வீட்டில் சொல்வது, கறிவேப்பிலையும் கற்பூரவள்ளியும் வதக்கிய சின்ன வெங்காயமும் சேர்த்துச் சுடுகிற உப்புப் பாணைத்தான். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து குளிரில் வீட்டுக்கு வரும்போது நல்ல பசி இருக்கும். ரிச் கேக் அந்த நேரத்துக்குத் தித்திக்கும். அப்போது இந்தப் பாணில் ஒரு துண்டும் சுடச்சுடத் தேத்தண்ணியும் இருந்தால் அதுதான் எங்களுக்கு நத்தார்.

எதை வைத்து முடிவு எடுப்பது

முதல் கேள்வி, எத்தனை பாண்? வீட்டுக்கு மட்டும் என்றால் இரண்டு போதும். அயலுக்கும் கொடுப்பதென்றால் பத்து, பன்னிரண்டு ஆகிவிடும். இந்த ஒரு எண்ணே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

அடுத்தது வெப்பம். பாணுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் 190 முதல் 210 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். உள்ளே மா வேகவும் வேண்டும், வெளியே பட்டை பொன்னிறமாக வரவும் வேண்டும், மேலே தெரிகிற இலை கருகவும் கூடாது. சாதாரண பாணை விட இலைப் பாணுக்கு இந்த மூன்றாவது தொல்லை கூடுதலாக இருக்கிறது. கருகிய கறிவேப்பிலை கசக்கும்.

மூன்றாவது கரண்ட். மார்கழியில் காற்றும் மழையுமாக இருக்கும்போது எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. பாதி வெந்த பாணைத் திரும்பச் சூடாக்கி எடுக்க முடியாது, நடுவில் களியாகிவிடும்.

நான்காவது, நேரம் யார் கையில் இருக்கிறது என்பது. புளித்த மா யாருக்கும் காத்திருக்காது. கடைசியாகச் செலவு. பொருளின் விலையை எல்லோரும் பார்ப்பார்கள், பின்னால் வருகிறதைப் பார்ப்பதில்லை. அதை ஒவ்வொன்றிலும் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, எங்கள் ஊருக்கு மட்டும் உரியது. பிள்ளையார் பெருங்கதை, திருவெம்பாவை விரதங்கள் பெரும்பாலும் நத்தாரை ஒட்டியே வரும். அயலில் சைவ வீடுகள் இருந்தால், முட்டை படாத பாண், மீன் படாத தட்டு என்று கவனிக்க வேண்டும். மரியாதையோடு கொடுப்பதென்றால் இதையும் ஒரு அளவுகோலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே சுட்டாலும் மா ஒன்றுதான்

ஒப்பிடுவதற்கு மா ஒன்றாக இருக்க வேண்டும். நான் போடும் அளவு இது: கோதுமை மா 500 கிராம், தண்ணீர் 310 மில்லிலீற்றர், உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சீனி இரண்டு தேக்கரண்டி, நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. ஒரு இறாத்தலுக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு பாண் வரும். ஆனையிறவுக் கல்லுப்பு என்றால் முதலில் தண்ணீரில் கரைத்துவிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் சவராக இருந்தால் உப்பைக் கொஞ்சம் குறையுங்கள்.

இலைகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கற்பூரவள்ளியில்தான். பிள்ளைகளின் இருமலுக்கென்று கிணற்றடியில் நட்டு வைத்திருப்போமே, அதேதான். ஒறிகானோ, தைம் என்று போத்தலில் விற்கும் காய்ந்த இலைகளின் வாசம் பெரும்பாலும் கார்வக்ரோல், தைமோல் என்ற இரண்டு பொருட்களில் இருந்து வருகிறது. அவை கற்பூரவள்ளியிலும் இருக்கின்றன. ஓமத்தின் வாசமும் தைமோல்தான். ஆகவே போத்தல் தேடிக் கடை கடையாக அலையத் தேவையில்லை. ஆனால் கற்பூரவள்ளி தண்ணீர் நிறைந்த இலை. பச்சையாக அரிந்து போட்டால் மா சொதசொதத்துப் போகும். பத்துப் பன்னிரண்டு இலையைப் பொடியாக அரிந்து, ஒரு பிடி கறிவேப்பிலை, எட்டுச் சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் ஈரம் வற்றும் வரை வதக்கி, ஆறவிட்டுச் சேருங்கள். பம்பாய் வெங்காயம் வேண்டாம், அதில் இனிப்பும் தண்ணீரும் கூட.

உள்ளி போடுவதென்றால் அதையும் வதக்கித்தான் போட வேண்டும். பச்சை உள்ளி ஈஸ்ட்டை அடக்கிவிடும், மா எழும்பாது. விரதகாரருக்குக் கொடுக்கும் பாணில் உள்ளியும் வெங்காயமும் போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இலையும் அரைத் தேக்கரண்டி ஓமமும் மட்டும் போட்டாலே வாசமாக இருக்கும்.

கரண்ட் ஓவன் வாங்குவது

இதன் பெரிய நன்மை, நேரம் உங்கள் கையில். இரவு பத்து மணிக்கும் சுடலாம், பிள்ளைகள் எழும்ப முன்னரும் சுடலாம். வெப்பத்தைத் திருகி வைத்தால் நிற்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு இதுதான் எளிது.

ஆனால் கடையில் அடுக்கி வைத்திருக்கும் சின்ன ஓவன்களில் ஒரே தடவையில் இரண்டு பாண்தான் நிற்கும். மேல்கம்பி பாணின் தலைக்கு மிகக் கிட்ட இருக்கும். பாண் எழும்பி வரும்போது இலை முதலில் கருகும். 20 நிமிடம் கழித்து மேலே ஒரு ஃபொயில் தாள் மூடினால் தப்பலாம், இல்லாவிட்டால் தட்டை ஒரு படி கீழே இறக்குங்கள். திருகியில் 200 என்று இருப்பதை நம்பவும் வேண்டாம். உள்ளே பத்து, இருபது பாகை கூடக் குறைய இருப்பது வழக்கம். இரண்டு மூன்று தடவை சுட்டால்தான் அந்த ஓவனின் குணம் பிடிபடும்.

மறைந்திருக்கும் செலவு சுவரில் இருக்கிறது. 1500 வாற் ஓவன் 230 வோல்ற்றில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகளின் குசினியில் இருக்கும் 5 ஆம்பியர் உருண்டைக் கால் பிளக்கில் இதைச் செருகவே கூடாது, வயர் சூடாகிவிடும். அதனால் வயர்காரரைக் கூப்பிட்டுத் தனியாக ஒரு லைன் இழுக்க வேண்டி வரலாம். ஓவன் விலையோடு இதையும் கூட்டிப் பாருங்கள்.

கரண்ட் பில்லுக்கு வருவோம். ஒரு தடவை சூடாக்கிச் சுட, கிட்டத்தட்ட ஒரு யூனிட். பத்துத் தடவை சுட்டால் பத்து யூனிட், பெரிதாகத் தெரியாது. ஆனால் எங்கள் பில் 60, 90, 120, 180 என்று படிபடியாகப் போகிறது. மாதம் 85 யூனிட்டில் நிற்கிற வீடு 90ஐத் தாண்டினால் யூனிட் விலையோடு நிலையான கட்டணமும் ஏறிவிடும். போன மாதப் பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நத்தாருக்காக மட்டும் ஓவன் வாங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். கிழமைக்கு ஒருமுறையாவது பணிஸோ கேக்கோ சுடுவேன் என்று உறுதியாகத் தெரிந்தால் வாங்குங்கள், அப்போது அது நல்ல காசுதான்.

காஸ் அடுப்போடு சேர்ந்த ஓவன்

வெளிநாட்டுக் காசில் வாங்கிய நாலு அடுப்புக் காஸ் குக்கர் பல வீடுகளில் இருக்கிறது. கீழே இருக்கும் ஓவனில் சட்டி அடுக்கியிருப்பார்கள். அதை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு ஒருமுறை பற்றவைத்துப் பாருங்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் நெருப்புக்குச்சியால் பற்றும், நாலு பாண் நிற்கும். சூடு கீழிருந்து வருவதால் அடி சிவந்து மேல் வெளிறி நிற்கும். பாணை மேல்தட்டில் வைத்து, கீழ்த்தட்டில் வெறும் தகரம் ஒன்றை வைத்தால் சரியாகும். இலை கருகாமல் வருவதில் வீட்டு வழிகளிலேயே இதுதான் நல்லது. ஏற்கெனவே வைத்திருப்பவர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

கனமான சட்டி

2022 பங்குனிக் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் நின்றது. காஸுக்கும் வரிசை. அந்த உயிர்த்த ஞாயிறுக்கு நான் பாண் சுட்டது அடி கனத்த அலுமினியச் சட்டியில், சிரட்டைத் தணலில்தான். அம்மா சொல்லித் தந்தது. 1990களில் கரண்டே இல்லாத காலத்தில் அவர் கேக் சுட்டதும் இப்படித்தான்: கீழே கொஞ்சம் தணல், மூடிக்கு மேலே கூடுதலாகத் தணல்.

காஸில் செய்வதென்றால் இப்படி. சட்டியின் அடியில் கல்லுப்பை இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். அதன்மேல் ஒரு கம்பி வளையம் வைத்து, மூடி, நடுத்தரச் சூட்டில் 15 நிமிடம் காயவிடுங்கள். மா எழும்பிய தகரத்தை உள்ளே இறக்கி, மூடிக்கு மேலே அம்மிக்குழவியோ பாரமான எதுவோ வைத்து, சூட்டைக் குறைத்து 45 நிமிடம். இடையில் திறக்கக் கூடாது. மேல்பக்கம் வெளிறித்தான் இருக்கும். தகரத்தில் இருந்து எடுத்து, காய்ந்த தோசைக்கல்லில் தலைகீழாக மூன்று நிமிடம் வைத்தால் நிறம் வரும். தணலைத் தட்டையான மூடிக்கு மேலே போட வசதி இருந்தால் இதுவும் தேவையில்லை, பட்டை அழகாக வரும்.

இதில் இலை ஒருபோதும் கருகாது. மூடிய சட்டிக்குள் ஆவி நிற்பதால் பாண் மென்மையாகவும் இருக்கும். காஸ் செலவு என் கணக்கில் 100 முதல் 150 கிராம் வரை, அதாவது 12.5 கிலோ சிலிண்டரில் நூறில் ஒரு பங்கு. மறைந்திருக்கும் செலவு சட்டிதான். மெல்லிய சட்டி வெறும் சூட்டில் நெளிந்துவிடும், ஒட்டாத பூச்சுச் சட்டியை இதற்கு எடுக்கவே கூடாது, பூச்சு கெட்டுப் புகையும். பிரஷர் குக்கரில் செய்வதென்றால் றப்பர் வளையத்தையும் வெயிற்றையும் கழற்றிவிடுங்கள். அந்தக் கல்லுப்பு பிறகு சமையலுக்கு உதவாது, ஒரு போத்தலில் போட்டு வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.

ஒரு தடவைக்கு ஒரு பாண் என்பதுதான் இதன் எல்லை. குருநகர்ப் பிள்ளைக்கு நான் இதைத்தான் சொன்னேன். இரண்டு பேர் இருக்கும் வீடு, ஓவனுக்கு இப்போது காசு கொட்டத் தேவையில்லை. கலியாணத்துக்குக் கிடைத்த கனமான சட்டி ஒன்று பெட்டிக்குள்ளேயே இருக்கிறதாம்.

ஊர்ப் போறணை

பாண், போறணை, குசினி, நத்தார் என்ற நான்கு சொல்லும் போர்த்துக்கேயரிடம் இருந்து வந்தவை. அவர்கள் யாழ்ப்பாணத்தை ஆண்டது 1619 முதல் 1658 வரை, நாற்பது வருடம்கூட இல்லை. ஆனாலும் இந்தச் சொற்கள் இன்றும் எங்கள் வாயில் இருக்கின்றன. கடைப்பலகையில் வெதுப்பகம் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கிறதை நாங்கள் போறணை என்றுதான் சொல்கிறோம்.

வீட்டில் ஓவன் இல்லாத காலத்தில் கேக் மாவைத் தகரத்தில் ஊற்றி, பெயர் எழுதி, போறணைக்குக் கொண்டுபோய்ச் சுட்டெடுப்பது வழக்கம். விறகுப் போறணை வைத்திருக்கும் சில இடங்களில் இப்போதும் கேட்டால் சுட்டுத் தருவார்கள், தெரிந்தவராக இருந்தால் இன்னும் சுலபம். டீசல் ஓவனுக்கும் கரண்ட் ஓவனுக்கும் மாறிய இடங்களில் பெரும்பாலும் வெளிமா எடுக்கமாட்டார்கள்.

பாணின் தரத்தை மட்டும் பார்த்தால் போறணைக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. செங்கல் வளைவுக்குள்ளே விறகு எரித்து, தணலை ஒதுக்கி, கல் குடித்து வைத்திருக்கும் சூட்டில் சுடுகிறார்கள். மேல், கீழ், பக்கம் எல்லாத் திசையிலும் ஒரே சூடு. கரண்ட் தேவையில்லை. பன்னிரண்டு தகரம் ஒரே தடவையில் போய்விடும். பட்டை மொறுமொறுப்பாக, லேசான விறகு வாசத்தோடு வரும்.

ஆனால் எந்தச் சூட்டில் வைக்கிறார்கள் என்பது முக்கியம். முதல் சூடு சாதாரண பாணுக்கு உரியது, இலை தாங்காது. அவர்களுடைய பாண் எடுத்த பிறகு இறங்கி வரும் சூட்டில், பணிஸ் வைக்கிற நேரத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நாலு நாள் முன்னதாகப் போய் அந்த நேரத்தைப் பேசி வைக்க வேண்டும். 23, 24ஆம் திகதிகளில் அவர்களுக்கே மூச்சுவிட நேரம் இருக்காது.

போறணையின் மறைந்த செலவு காசு அல்ல, மா. ஒரு வருடம் ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள். சரியாகப் போனேன், மழையால் விறகு ஈரம், போறணை சூடேற ஆறரை ஆகிவிட்டது. ஒன்றரை மணித்தியாலத்தில் மா தகரத்தை விட்டு வழிந்து, உள்ளே வைத்ததும் அமுங்கிப் போனது. எட்டுப் பாண். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். இரவே மாவைக் குழைத்து, ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, பிறிட்ஜில் வைத்துவிடுவேன். போறணைக்குக் கிளம்ப ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன் எடுத்து உருட்டித் தகரத்தில் இட்டால், குளிர்ந்த மா மெதுவாக எழும்பும், அரை மணித்தியாலம் பிந்தினாலும் பொறுக்கும். மழை உறையால் மூடி, ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோங்கள். சைக்கிளின் குலுக்கலில் எழும்பிய மா இறங்கிவிடும்.

சைவ வீடுகளுக்கென்றால் இன்னொரு கவனம். அதே போறணையில் மீன் பணிஸும் போகும். சொந்தத் தகரத்தில் வைத்து, அவர்களின் தட்டு படாமல் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் உள்ளே என்ன வேகிறது என்பது உங்கள் கையில் இல்லை. கண்டிப்பான விரதகாரருக்கு வீட்டில் சுட்டதைத்தான் கொடுக்க வேண்டும்.

திருநெல்வேலி ஆசிரியைக்குப் போறணைதான் சரி. பதினாலு பாண், வீட்டு ஓவனில் ஏழு தடவை. அந்தப் பொழுது முழுக்கக் குசினியிலேயே போய்விடும். விரதம் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு மட்டும் சட்டியில் சுடச் சொன்னேன்.

கடைப் பாணும் இலைப் பட்டரும்

சுடவே முடியாத வீடும் இருக்கிறது. நோயாளியைப் பார்க்கிறவர்கள், 24ஆம் திகதி வரை வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் ரோஸ்ட் பாண் வாங்கி, வதக்கிய அதே இலைக் கலவையைப் பட்டரில் குழைத்து, கீறிய பாணுக்குள் பூசித் தோசைக்கல்லில் மூடிச் சூடாக்கலாம். பத்து நிமிட வேலை, வாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. இளவாலை ஐயாவுக்கு இதைத்தான் சொன்னேன். மகனோடு கதைக்க அவருக்கு நேரம் வேண்டும். மாவோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஒரே பார்வையில்

| | ஒரு தடவைக்கு | கரண்ட் நின்றால் | இலை | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|---|
| கரண்ட் ஓவன் | 2 பாண் | பாழ் | மேலே கருகலாம் | வயர் வேலை, பில் படி |
| காஸ் ஓவன் | 4 | பயமில்லை | நன்றாக வரும் | அடி சிவக்கும், கவனிக்க வேண்டும் |
| கனமான சட்டி | 1 | பயமில்லை | கருகாது | நல்ல சட்டி, கூடுதல் நேரம் |
| போறணை | 12க்கு மேல் | பயமில்லை | இறங்கு சூட்டில் நல்லது | மா காத்திருப்பது, ஓட்டோ |
| கடைப் பாண் | வேண்டியளவு | பயமில்லை | பட்டரில் | பட்டர் விலை |

எயர் ஃப்ரையரில் சுடலாமோ என்றும் கேட்கிறார்கள். அரைப் பாண் அளவு சுடலாம், ஆனால் விசிறிக் காற்று மேல்பக்கத்தை மட்டும் சீக்கிரம் காயவைத்துவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை.

எந்த வழியை எடுத்தாலும், 24ஆம் திகதி முதல்முறையாகச் செய்யாதீர்கள். அதற்கு முந்தின ஞாயிறு அரை அளவு மாவில் ஒரு பாண் சுட்டுப் பாருங்கள். ஈஸ்ட்டையும் அன்றே சோதிக்கலாம்: இளஞ்சூட்டுத் தண்ணீரில் சீனியோடு கரைத்தால் பத்து நிமிடத்தில் நுரைக்க வேண்டும். மழைநாளில் மா எழும்ப ஒன்றேகால் மணித்தியாலம் வரை எடுக்கும், கடிகாரத்தைப் பார்க்காமல் இரண்டு மடங்கு ஆகிவிட்டதா என்று பாருங்கள். வைக்கும் முன் மேலே முட்டைக்குப் பதில் தேங்காய்ப்பால் தடவினால் எல்லா வீட்டுக்கும் கொடுக்கலாம். வெந்த பாணின் அடியில் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டுவதுபோலக் கேட்கும். கேட்காவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும், சூட்டில் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். மார்கழி ஈரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, பொலித்தீனுக்குள் அடைக்காமல் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மிஞ்சியதை 27ஆம் திகதி வரை வைத்திருக்காமல், மறுநாளே நெய்யில் வாட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.